இரண்டு வாளித் தண்ணீர்

எனக்கு வாய் சும்மா இருக்காது. போன வருடம் ஜனவரி முதல் வாரம் ஆபீஸ் மீட்டிங்கில், மானிலாவிலிருந்து எங்கள் டீமில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, "உங்கள் லீவு நாட்களில் போகி என்று ஒன்று இருக்கிறதே, அது என்ன?" என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லியிருந்தால் அதோடு தீர்ந்திருக்கும். நானோ, மார்கழியின் கடைசி நாள், இந்திரனுக்குப் போகி என்று ஒரு பெயர், பழையதை எல்லாம் விடிகாலையில் கொளுத்துவோம், மறுநாள் சூரியன் வடக்கே திரும்புவதாகக் கணக்கு என்று ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. மேனேஜருக்கு மூக்கில் வேர்த்துவிட்டது. குளிர் முடிகிற காலத்தில் எந்தெந்த ஊரில் என்ன பண்டிகை, அது எங்கிருந்து வந்தது, அதற்குள் என்ன தத்துவம் என்று பிப்ரவரி கடைசியில் டீமுக்கு ஒரு பிரசன்டேஷன் கொடு என்று என் தலையில் கட்டிவிட்டார்.

கட்டினாலும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. பார்க்கிறவர்களை எல்லாம் கேட்க ஆரம்பித்தேன். வார்சாவில் இருக்கும் டெஸ்டர், தங்கள் கிராமங்களில் வைக்கோலால் ஒரு பெண் பொம்மை செய்து, அவள்தான் குளிர்காலம் என்று ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கொளுத்தி ஆற்றில் போடுவார்கள் என்றான். போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வர வேண்டுமாம், திரும்பிப் பார்த்தால் அவளும் கூடவே வந்துவிடுவாளாம். ஈரானில் பிறந்து டொராண்டோவில் இருக்கிற ஒரு பெண், வசந்தத்தில் வரும் தங்கள் புத்தாண்டுக்கு முன்னால் தெருவில் தீ மூட்டித் தாண்டுவோம், என் உடம்பின் சோகையை நீ எடுத்துக்கொள், உன் சிவப்பை எனக்குத் தா என்று தீயிடம் கேட்போம் என்றாள். செங்டு நகரத்துக்காரர் துடைப்பத்தைப் பற்றி மட்டும் அரை மணி நேரம் பேசினார். வருடம் பிறப்பதற்கு முன்னால் மூலை முடுக்கெல்லாம் பெருக்கிவிட வேண்டும், ஆனால் பிறந்த அன்று துடைப்பத்தை ஒளித்து வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வந்த அதிர்ஷ்டத்தையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடுவோமாம். அதைக் கேட்டு நான் சிரித்தேன். மானிலாக்காரி மட்டும், "எங்களுக்கும் ஒன்று உண்டு, அது வர இன்னும் நாள் இருக்கிறது, அப்போது சொல்கிறேன்" என்று தள்ளிப்போட்டாள்.

என் அப்பாவையும் விடவில்லை. அவர் ஹைதராபாத்தில் ஏ.எஸ்.ராவ் நகர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆகி, இப்போது சென்னையில் அண்ணனோடு இருக்கிறார். போனில் அவர் கும்பகோணம் பக்கத்து மாசி மாதக் காமன் பண்டிகையைச் சொன்னார். மன்மதனைச் சிவன் எரித்த கதை. அன்று ராத்திரி இரண்டு கட்சியாகப் பிரிந்து லாவணி பாடுவார்களாம். மன்மதன் எரிந்தே போனான் என்று ஒரு கட்சி, எரியவே இல்லை என்று இன்னொரு கட்சி. விடிய விடியப் பாடியும் ஒருத்தரும் தோற்றதில்லை என்றார். இங்கே ஹைதராபாத்திலும் ஹோலிக்கு முந்தின நாள் காமனைத்தான் எரிக்கிறார்கள். சின்ன வயதில் குவார்ட்டர்ஸில் வடக்கத்திக்காரர்கள் ஹோலிகா என்றும் தெலுங்குக்காரர்கள் காமுடு என்றும் ஒரே நெருப்பைச் சுற்றி நின்று சண்டை போட்டது எனக்கும் நினைவுக்கு வந்தது.

இப்படி வார்சா, டொராண்டோ, செங்டு, சென்னை என்று எல்லா ஊரிலும் கேட்டேன். ஹப்சிகுடாவில் எங்கள் வீட்டிலேயே, சமையலறைக்கு அடுத்த அறையில், அந்த மாதம் முழுக்க ஒருவர் இருந்தார். என் மாமியார். அவரிடம் மட்டும் கேட்கவில்லை.

கேட்காததற்குக் காரணம் இருந்தது. நானும் என் கணவரும் ஒரே கம்பெனியில் சேர்ந்து, பழகி, ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். நான் திருநீறு பூசுகிற குடும்பம். அவர் தூத்துக்குடிக் கடற்கரையில் கத்தோலிக்கர். கல்யாணமான அடுத்த வருடமே, கடலில் தொழில் செய்த மாமனார் போய்விட்டார். உடம்பு முன்பே சரியில்லைதான், ஆனாலும் பிள்ளை சொல்லாமல் கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டதில் மனசு விட்டுத்தான் போனார் என்று ஊரில் ஒரு பேச்சு ஓடியது. மாமியார் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அப்படி இல்லை என்றும் சொன்னதில்லை. என்னை "வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா" என்றுதான் கூப்பிடுவார். தன் பெண்களை "ஏளா" என்று அதட்டுகிறவர் என்னிடம் மட்டும் பேங்க் மேனேஜரிடம் பேசுவது போலப் பேசுவார். மரியாதையாலேயே ஒருத்தியை வாசலில் நிறுத்தி வைக்க முடியும் என்பதை அவரிடம்தான் கண்டேன். எனக்கு வேறொன்றும் வேண்டாம், அந்த "ங்க" போனால் போதும் என்று பல வருடம் ஏங்கியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே அந்த முறைதான். கிறிஸ்துமஸ் முடிந்து மகன் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். முட்டியில் வலி. லிஃப்ட் பக்கம் போக மாட்டார், பயம். அதனால் இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டாம் என்று பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தார். செபப் புத்தகமும் ஜெபமாலையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். நான் காபி கொடுத்தால், "உங்களுக்கு எதுக்குச் செரமம்" என்பார். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். காட்டிக்கொள்ள மாட்டேன்.

போகிக்கு முந்தின நாள் வீட்டைக் கலைத்துப் போட்டுச் சுத்தம் செய்தேன். கிழிந்த மிதியடி, முடி கொட்டிப்போன துடைப்பம், அழுக்குத் தலையணை, கால் உடைந்த முக்காலி. "அத்தை, உங்ககிட்ட எரிக்கிற மாதிரி ஏதாவது இருந்தா குடுங்க, காலையில போட்டுடறேன்" என்று ஒப்புக்குத்தான் கேட்டேன். ஒரு மாதத்துக்கு வந்தவரிடம் என்ன பழசு இருக்கப் போகிறது? அவர், "எத்தன மணிக்கிப் போடுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

விடிகாலையில் கேட்டுக்கு வெளியே தீ மூட்டினோம். மாடிவீட்டுத் தெலுங்கு ஆன்ட்டி எருவிராட்டியை மாலையாகக் கோத்துக் கொண்டு வந்திருந்தார். தீயின் ஓரத்தில் ஒரு குண்டானில் தண்ணீரும் வைத்தார், அதில்தான் அன்று பேரப்பிள்ளைகளுக்குக் குளியல். என் மிதியடி எரிவதற்கு மனசில்லாமல் புகைந்துகொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தால், அத்தை கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறார். கையில் செபப் புத்தகம்.

வேடிக்கை பார்க்க வருகிறார் என்றுதான் நினைத்தேன். நாற்காலி கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. புத்தகத்தைப் பிரித்து, உள்ளேயிருந்து ஓலையில் பின்னிய ஒரு சின்னச் சிலுவையை எடுத்தார். விரல் நீளம்தான் இருக்கும். காய்ந்து பழுப்பேறிப் போயிருந்தது.

"ஏளா, கொஞ்சம் தள்ளு. இத நா போடுதேன்" என்றார்.

ஏளா என்றார். "ஹவ் அத்தை, போடுங்க, போடுங்க" என்று, ஆமாம் என்பதற்கு ஹவ் சொல்லும் எங்கள் ஊர்ப் பாஷையில் உளறிக்கொண்டே நகர்ந்தேன். அவர் அந்தச் சிலுவைக்கு முத்தம் கொடுத்தார். நெற்றியில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். வலிக்கிற முட்டியை மடக்கிக் குனிந்து, எறியாமல், தீக்குள் வைத்தார். ஓலை ஒரு நொடி வெளிச்சமாக எரிந்து அடங்கிவிட்டது. அவர் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு படியேறிப் போனார்.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நம் பண்டிகையில் வந்து கலந்துகொண்டுவிட்டார், தன் பழசையும் நம் நெருப்பில் போட்டுவிட்டார் என்று நினைத்தேன். இன்றைக்கு வாசலடைத்து ஒரு பெரிய கோலம் போட்டு அத்தைக்குக் காட்ட வேண்டும் என்று வேகம் வந்துவிட்டது. தீ அடங்கியதும் ஆன்ட்டி வெந்நீரைத் தூக்கிக்கொண்டு மேலே போனார். வாட்ச்மேன் வந்து, "நக்கோ மேடம், ராக் இதர் நக்கோ, காடி நிக்கல்னா" என்று முணுமுணுத்தான். இங்கே சாம்பல் வேண்டாம், கிடந்தால் கார் எடுக்கிறவர்கள் அவனைத்தான் திட்டுவார்களாம். நானே செய்கிறேன் என்றேன். இரண்டு வாளித் தண்ணீர் பிடித்து வந்து ஊற்றி, புதுத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவி, கறுப்புத் தண்ணீர் முழுவதையும் சாக்கடைக்குத் தள்ளினேன். தரை பளிச்சென்று ஆயிற்று. புள்ளி வைக்க ஆரம்பித்தேன்.

அத்தை மறுபடியும் இறங்கி வந்தார். குளித்து, வேறு சேலை மாற்றியிருந்தார். கையில் மூடி போட்ட ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. கடைசிப் படியிலேயே நின்றுவிட்டார். ஈரத் தரையைப் பார்த்தார், சாக்கடையைப் பார்த்தார், என் கோலத்தைப் பார்த்தார்.

"என்ன அத்தை வேணும், கோலமாவா?" என்றேன். நானே அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கி, கோலமாவை வழிய வழிய நிரப்பி, மூடிக் கொடுத்தேன். ஊருக்குக் கொண்டுபோய்த் தன் வாசலிலும் போடப் போகிறார் என்று எனக்கு அவ்வளவு பெருமை.

அவர் வாங்கிக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. நீங்க பாருங்க" என்றார்.

அந்த "ங்க" திரும்பி வந்ததைக் கேட்டேன். ஏன் வந்தது என்றுதான் தெரியவில்லை. பொங்கல் முடிந்து அவர் ஊருக்குப் போகும்வரை மனசுக்குள் பிராண்டிக்கொண்டே இருந்தது. கோலம் பிடிக்கவில்லையோ, ஹவ் என்று சொன்னது பிடிக்கவில்லையோ என்று என்னென்னவோ நினைத்தேன். கடைசியில், இந்தம்மாவை யாராலும் திருப்திப்படுத்த முடியாது என்று கோபித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்வது எனக்குச் சுலபம்.

பிப்ரவரி கடைசியில் பிரசன்டேஷனுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மானிலாக்காரி கூப்பிட்டாள். "அடுத்த வாரம் எங்கள் சாம்பல் புதன். எழுதிக்கொள்" என்றாள். ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு கோயிலில் ஓலை மந்திரிப்பார்கள், அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படத்துக்குப் பின்னால் ஒரு வருடம் வைத்திருப்பார்கள், அடுத்த சாம்பல் புதனுக்கு முன்னால் காய்ந்த ஓலையை எல்லாரும் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுவருவார்கள், அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் இடுவார்கள் என்று சொல்லிக்கொண்டே போனாள். நீ மண், மண்ணுக்குத்தான் திரும்பப் போகிறாய் என்று நினைவுபடுத்தவாம். "நீ சேர்த்து வைத்திருக்கும் மற்ற நெருப்பெல்லாம் எதையோ துரத்தி அனுப்புகிற நெருப்பு. இது அப்படி இல்லை. இதில் சாம்பலுக்காகத்தான் எரிப்பதே. அதைக் கீழே கொட்ட மாட்டோம்" என்றாள்.

பத்து வருடமாக ஒரு கத்தோலிக்கரோடு குடும்பம் நடத்துகிறேன். கல்யாணமான புதிதில் அவர் ஒரு புதன்கிழமை நெற்றியில் சாம்பலோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. விபூதிப் பாக்கெட் மாதிரி கடையில் விற்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு அந்த எவர்சில்வர் டப்பா ஞாபகம் வந்துவிட்டது.

என் கணவருக்கு நைட் ஷிஃப்ட், மத்தியானம்தான் எழுவார். எழுந்ததும் கேட்டேன். "உங்க அம்மா செபப் புத்தகத்துல ஒரு ஓலைச் சிலுவை இருந்ததே, அது எந்த வருஷத்தது?"

"அது அப்பா பின்னினது" என்றார். "அவிய இருந்த கடைசிக் குருத்தோலை ஞாயிறு. கோயிலுக்குப் போவ முடியல, கட்டில்லயே உக்காந்து பின்னுனாவ. மத்த ஓலையெல்லாம் அம்மா வருசா வருசம் திருப்பிக் குடுத்திருவாவ, அத மட்டும் குடுக்க மாட்டாவ. சாமியாரே கேட்டுப் பாத்தாரு, குடுக்கலியே. ஏன் கேக்க?"

சொன்னேன். அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "எரிச்சிட்டாவளா" என்று மட்டும் கேட்டார். அப்புறம் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார்.

எனக்குப் புரிய ஆரம்பித்தது. மாமனாரையும் அவர் மகனையும் சேர்த்து நான்தான் அள்ளிக்கொண்டு போனேன் என்று ஊர் சொன்னது. அந்த மனிதர் கையால் பின்னிய கடைசிப் பொருளை, சாமியார் கேட்டும் கொடுக்காததை, அத்தை என் வாசலுக்குக் கொண்டுவந்து, என்னைத் தள்ளி நிற்கச் சொல்லி, என் நெருப்பில் வைத்தார். என்மேல் பழி இல்லை என்று ஒரு மாமியார் அதற்கு மேல் எப்படிச் சொல்ல முடியும்? சாம்பலை எடுத்துக்கொள்ள டப்பா எடுத்து வரப் போனார். நெருப்பு எரிந்த இடத்தில் சாம்பல் இருக்கும் என்று நினைத்தார். யார்தான் நினைக்க மாட்டார்கள்? அதைக் கழுவி விட்டவள் சைவக் குடும்பத்துப் பெண். தினமும் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டுதான் ஆபீஸ் போகிறாள். அந்த வாரம் சிவராத்திரி வேறு. பூஜை அலமாரியைத் திறந்து விபூதிச் சம்படத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

பிரசன்டேஷன் கொடுத்தேன். நன்றாக இருந்தது என்றார்கள். ஒரு வருடத்தில் சேர்ந்ததையெல்லாம் எரித்துவிட்டு லேசாகிக்கொள்ள எல்லா ஊர் மனிதரும் ஆசைப்படுகிறார்கள், குளிரும் இருட்டும் அதற்கு ஒரு சாக்கு, சில ஊர்களில் எரித்ததைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, சில ஊர்களில் எரித்ததை நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று முடித்தேன். சாம்பல் புதன் பக்கம் வந்தபோது மட்டும் குரல் போய்விட்டது. நெட்வொர்க் என்று நினைத்திருப்பார்கள்.

சாம்பல் புதன் அன்று சாயங்காலம் அத்தையைப் போனில் கூப்பிட்டேன். கோயிலிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்.

"அத்தை, அன்னிக்கு நீங்க சாம்பல் எடுக்கத்தானே டப்பா கொண்டு வந்தீங்க?"

அந்தப் பக்கம் எங்கோ ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போவது மட்டும் கேட்டது.

"எனக்குத் தெரியல அத்தை. சத்தியமா தெரியல."

"தெரியும்ளா, ஒனக்குத் தெரியாதுன்னு" என்றார். "நாந்தான் சொல்லியிருக்கணும். எடுத்து வச்சிக்கிடுவீங்கன்னு நெனச்சிட்டேன். எங்க ஆளுக அப்பிடித்தான செய்வாவ." பிறகு, "ஒங்க ஊருச் சாக்கட எங்க போவும்?" என்று கேட்டார்.

"மூசி ஆத்துக்கு."

"ஆறு எங்க போவும்?"

"கிருஷ்ணாவுல சேரும். அப்புறம் கடலுக்கு."

"பொறவு என்ன. அவிய காலம் பூரா கடல்ல கெடந்தவிய. அவியளுக்கு வழி தெரியும்" என்றார். போனை வைக்கப் போகிற நேரத்தில்தான் மெதுவாகச் சொன்னார். "நெத்தியில ஒரு தடவ வச்சிக்கிடணும்னு ஒரு ஆச இருந்துச்சி. வேறொண்ணுமில்ல."

அந்த ஏப்ரலில் குருத்தோலை ஞாயிறுக்குத் தூத்துக்குடி போனேன். லீவு கொடுக்க மேனேஜர் முகம் சுளித்தார், சுளிக்கட்டும் என்று போனேன். மாமனார் படத்துக்குப் பக்கத்தில் அந்த எவர்சில்வர் டப்பா இருந்தது. திறந்து பார்த்தேன். கோலமாவு, நான் கொடுத்தபடியே வழிய வழிய இருந்தது. "இதை எடுத்துக் கொட்டிடட்டுமா அத்தை?" என்று கேட்டேன். "கெடக்கட்டும். நீ ஆசயாக் குடுத்தது" என்றார். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, பனங்குருத்தைக் கிழித்து மடியில் போட்டுக்கொண்டு, யாரிடமோ மீன் விலை பேசிக்கொண்டே ஒரு சிலுவை பின்னினார். பின்னியதைப் பார்க்காமலே என் பக்கம் நீட்டினார். "ஒம் படத்துக்குப் பொறத்தால சொருவி வையி" என்றார். எங்கள் வீட்டில் படம் என்றால் தஞ்சாவூர்ப் பிள்ளையார்தான். அவர் முதுகுக்குப் பின்னால் சொருகி வைத்தேன்.

நவம்பர் மழையில் அத்தை போய்விட்டார். காலையில் எழுந்து செபம் சொல்லிவிட்டு மறுபடி படுத்தவர் எழவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெரு முழுக்கத் தண்ணீர். நல்லடக்கம் முடிந்து, நாத்தனார்கள் அந்த டப்பாவைப் பார்த்து இதென்ன மாவு என்று கேட்டார்கள். எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. என் வாய்க்கே அன்று முடியவில்லை.

எங்கள் வழக்கப்படி சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பண்டிகை கிடையாது. அதனால் இந்த ஜனவரியில் நான் போகி கொளுத்தவில்லை. மாடிவீட்டு ஆன்ட்டி மூட்டிய தீயை ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். தங்கள் குடும்ப வழக்கத்தில் தடை இல்லை, அம்மாவுக்குப் பிடித்திருக்கும், வேண்டுமானால் கொளுத்து என்று கணவர் சொன்னார். நான் கீழே இறங்கவில்லை.

பிப்ரவரியில் தார்நாகா பக்கம் கணவர் போகும் கோயிலில், பழைய ஓலைகளைக் கொண்டுவந்து போடச் சொல்லி அறிவித்தார்கள். அத்தையின் சிலுவையைக் கொடுத்து அந்தச் சாம்பலை இட்டுக்கொள்ள வேண்டும் என்று நானே முடிவு செய்தேன். அவர் ஆசைப்பட்டது எனக்காவது நடக்கட்டும் என்று ஒரு நினைப்பு. சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை பிள்ளையாருக்குப் பின்னாலிருந்து அதை எடுத்தேன். பச்சை போய் வெளிர்ந்திருந்தது. முனையில் அவர் பல்லால் கடித்து இழுத்த தடம் அப்படியே இருந்தது. கைக்குட்டையில் மடித்து எடுத்துப் போனேன்.

வாசலருகே ஒரு அட்டைப் பெட்டி வைத்திருந்தார்கள். பூசைக்குப் போகிறவர்கள் வரிசையாக வந்து ஓலையைப் போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் போனில் பேசிக்கொண்டே போட்டார்கள். என் முறை வந்தது. கைக்குட்டையைப் பிரித்தேன். பெட்டிக்கு மேலே கையை நீட்டினேன். விரல் விடவில்லை. பின்னால் நின்ற தமிழ் அம்மா ஒருவர், "போடுங்கம்மா, புதுசு குடுப்பாங்க" என்றார். நல்லபடியாகத்தான் சொன்னார். நான் ஓரமாக ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன். அவர் போட்டார். அவருக்குப் பின்னால் வந்தவர்களும் போட்டார்கள். நான் சிலுவையை மறுபடி கைக்குட்டையில் மடித்து, பையில் வைத்துக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இது எனக்கு அத்தை கொடுத்த ஒரே ஒரு பொருள். பின்னி ஒரு வருடம்கூட ஆகவில்லை. என்னால் முடியவில்லை. அவர் தன் சிலுவையை எத்தனை வருடம் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டிருந்தார். கோயிலில் பெட்டி இருந்தது, சாமியார் கேட்டார், அங்கே போட அவருக்கும் விரல் விட்டிருக்காது. கடைசியில் வலிக்கிற முட்டியோடு இரண்டு மாடி இறங்கி வந்து, என் கிழிந்த மிதியடி புகைந்துகொண்டிருந்த நெருப்பில் அதை வைத்தார். நான் அதன்மேல் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன்.